ஆவணத்திற்குப் பொறுப்பேற்பவர் யார்? குடிமைச் சட்ட மரபின் நொத்தாரிசுப் பதவியும் தமிழ் நிலப்பரப்பின் ஆவண வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

உரோமானியச் சட்டத்தை வேராகக் கொண்ட குடிமைச் சட்ட நாடுகளில் நொத்தாரிசு என்பவர் ஆவணத்தை யாத்து, வாசித்து விளக்கி, மூலத்தைக் காத்து, அதன் உள்ளடக்கத்திற்குப் பொறுப்பேற்கும் அலுவலர் ஆவார். ஆங்கிலப் பொதுச்சட்ட மரபைத் தழுவிய இந்தியாவின் ‘நோட்டரி’ பெரும்பாலும் கையொப்பத்திற்கு மட்டுமே சான்றளிக்கிறார். ஒரே வேரிலிருந்து வந்த இவ்விரு சொற்களும் தமிழில் ஒருபொருட் சொற்களாகக் கையாளப்படுகின்றன. பெரியபுராணத்தின் ஆவண வழக்கு, புதுச்சேரி, யாழ்ப்பாணம், தமிழ்நாடு ஆகிய களங்களை ஒப்பிட்டு, ஆவணப் பொறுப்பு எவ்வாறு ஒருவரிடம் குவிகிறது, எவ்வாறு பலரிடம் சிதறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: நொத்தாரிசு, நோட்டரி, உறுதி, மூல ஓலை, கரணத்தான், ஆவணக்களரி, தேசவழமை, ஆவண எழுத்தர்.

1. முன்னுரை

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் ஒருவர் புஞ்சை நிலம் வாங்குகிறார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சாவகச்சேரியில் மற்றொருவர் ஒரு தோட்டக் காணி வாங்குகிறார். இருவரும் தமிழில் எழுதப்பட்ட ஆவணத்தைப் பெறுகின்றனர். முதலாமவரின் ஆவணம் ‘கிரயப் பத்திரம்’, இரண்டாமவரின் ஆவணம் ‘விலை உறுதி’ எனப் பெயர் பெறுகிறது. பெயர் வேறுபாட்டைக் கடந்து ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. அந்த ஆவணத்தின் வாசகம் பிழையாக இருப்பின், அல்லது விற்றவருக்கு அதன் பொருள் விளங்கவில்லையெனின், யாரை நோக்கி வினா எழுப்புவது? சாவகச்சேரியில் இவ்வினாவுக்குப் பெயர் சொல்லத்தக்க ஒருவர் இருக்கிறார். கம்பைநல்லூரில் அவ்வாறு ஒருவரைச் சுட்டுவது கடினம்.

இவ்வேறுபாட்டின் காரணம் இரு சட்ட மரபுகளில் உள்ளது. இலங்கையின் பொதுவான உரிமையியல் சட்டம் உரோமன் டச்சுச் சட்டத்தை அடித்தளமாகக் கொண்டது. தமிழ்நாட்டின் ஆவண நடைமுறை ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டங்களின் வழி அமைந்தது. நொத்தாரிசு என்னும் பதவியை நிறுவன வரலாறாக மட்டும் காணாது, தமிழ் ஆவண வழக்கின் ஒரு கூறாகவும் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. உரோமானிய வேரும் பதவியின் இலக்கணமும்

உரோமானியப் பேரரசில் ‘தபெல்லியோ’ எனப்பட்டோர் கட்டணம் பெற்று மக்களுக்கு ஆவணம் எழுதித் தந்தனர். ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் சஸ்டினியன் பிறப்பித்த 44-ஆம் புதுச்சட்டம் இவர்களைப் பற்றியது. அச்சட்டம் பிறந்த சூழல் கருதத்தக்கது. எழுத்தறியாத ஒரு பெண்ணின் பெயரால் எழுதப்பட்ட ஆவணம் வழக்கிற்கு வந்தது. அதில் உள்ளவாறு தாம் சொல்லவில்லை என அப்பெண் மறுத்தார். எழுதியவரை அழைத்து வினவியபோது, பணியைப் பிறரிடம் ஒப்படைத்ததாகவும் நிகழ்ந்தது தமக்குத் தெரியாதெனவும் அவர் கூறினார். ஆகவே, ஆவணப் பணியை ஏற்றவர் தாமே நேரில் இருந்து அதனை நிறைவேற்ற வேண்டும் எனச் சட்டம் விதித்தது. எழுத்தறியாதவரின் சொல்லுக்கும் எழுத்தறிந்தவரின் ஏட்டிற்கும் இடையிலான இடைவெளியை ஒரு மனிதரின் பொறுப்பால் நிரப்புவதே இப்பதவியின் தொடக்க நோக்கம் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இடைக்கால இத்தாலியில் இக்கலை கல்வித்துறையாக வளர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் பொலோனியாவில் வாழ்ந்த ரோலந்தினோ தெ பஸ்ஸஜேரி எழுதிய நொத்தாரிசுக் கலை நூல் ஐரோப்பா எங்கும் பயிலப்பட்டது. பிரான்சில், புரட்சிக்குப் பின் இயற்றப்பட்ட 1803 மார்ச் 16-ஆம் நாள் சட்டம் இப்பதவிக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது.

இம்மரபில் நொத்தாரிசின் பணியை நான்கு கூறுகளாகப் பகுக்கலாம். முதலாவது, யாத்தல்: இரு தரப்பினரின் விருப்பத்தைக் கேட்டறிந்து, அதற்குரிய சட்ட வடிவத்தை அவரே தேர்ந்து எழுதுகிறார். இரண்டாவது, விளக்குதல்: ஆவணத்தை வாசித்து, அதன் விளைவை இரு தரப்பினருக்கும் நடுநிலையில் நின்று உணர்த்துகிறார். மூன்றாவது, காத்தல்: மூல ஆவணம் அவருடைய அலுவலகத்தில் தங்குகிறது, தரப்பினர் பெறுவது படி மட்டுமே. நான்காவது, மெய்ம்மை அளித்தல்: அவர் தாமே கண்டும் செய்தும் பதிந்த செய்திகளை மறுப்பவர், ஆவணம் போலி என நிறுவுவதற்குரிய தனி வழக்கைத் தொடுத்தாக வேண்டும். சில வகைக் கடன் ஆவணங்களை நீதிமன்றத் தீர்ப்புப் போல நேரடியாகவே நிறைவேற்றவும் இயலும்.

பிரெஞ்சுக் குடிமைச் சட்டத் தொகுப்பு நன்கொடை, திருமணச் சொத்து ஒப்பந்தம், உடன்பாட்டின் வழி அமையும் அசையாச் சொத்து அடைமானம் ஆகியவற்றை நொத்தாரிசு முன்னிலையில் செய்ய வேண்டும் என விதிக்கிறது. சொத்தைக் கைவிடும் ஒருவர் அச்செயலின் விளைவை அறியாமல் கைவிடக்கூடாது என்னும் கருத்தே இவ்விதிகளில் பொதிந்துள்ளது.

3. மூல ஓலையும் படி ஓலையும்: ஓர் இலக்கியச் சான்று

மேற்கூறிய நான்கு கூறுகளும் தமிழ் மரபுக்கு அயலானவை என எண்ணுதல் பொருந்தாது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம், பத்தி இலக்கியம் என்பதுடன் ஆவணச் சான்று பற்றிய விரிவான பதிவாகவும் விளங்குகிறது. நம்பியாரூரரின் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் தோன்றி, அடிமை ஓலை தம்மிடம் உள்ளதென வழக்கிடுகிறார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிக்கப்பட்டது படி ஓலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளதென்றும் முதியவர் கூற, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது.

அவையின் நடைமுறை நுணுக்கமானது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்றுகள் பேசப்படுகின்றன. கரணத்தான் ஓலையை வாங்கி அவையில் வாசிக்கிறார். சாட்சிக் கையெழுத்திட்டோர் தம் எழுத்தை ஆய்ந்து ஒப்புகின்றனர். பின்னர், ஆரூரரின் பாட்டனார் எழுதிய மற்றோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கி, எழுத்து ஒன்றே எனத் தேறுகின்றனர்.

இங்கு ஓர் நுட்பம் கவனத்திற்குரியது. மூல ஓலை வழக்கிடுபவர் கையிலேயே இருந்தது. நலன் தொடர்புடைய ஒருவரின் கையில் இருந்தமையால் மட்டும் அவை அதனை நம்பிவிடவில்லை. பொதுக் காப்பில் இருந்த, வழக்கோடு தொடர்பற்ற ஓலையே ஐயத்தை நீக்கியது. ஆவணத்தின் நம்பகம் நடுநிலைக் காப்பிலிருந்து பிறக்கிறது என்னும் இக்கருத்தும், மூலம் நொத்தாரிசிடமே தங்க வேண்டும் என்னும் குடிமைச் சட்ட விதியும் ஒரே சிக்கலுக்கு விடை தேடுகின்றன.

கல்வெட்டுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. நில விற்பனைக் கல்வெட்டுகளில் பயிலும் ‘விலையாவணம்’, ‘விலைப்பிரமாணம்’, ‘ஆவணக்களரி’ ஆகிய சொற்கள் ஆவணம் நிறைவேறும் முறையும் இடமும் வரையறுக்கப்பட்டிருந்தமையை உணர்த்துகின்றன. சபையார் ‘பணிக்க’ மத்தியஸ்தன் ‘எழுதினேன்’ என முடியும் வாய்பாடு, யார் ஆணையிட்டார், யார் எழுதினார் என்னும் இரு பொறுப்புகளையும் பிரித்துப் பதிகிறது. எழுதியவர் பெயரின்றி ஆவணம் முற்றுப்பெறுவதில்லை என்பதே அவ்வாய்பாட்டின் உட்பொருள். எனினும், கரணத்தானையும் மத்தியஸ்தனையும் நொத்தாரிசோடு முற்றும் ஒன்றெனக் கொள்ளுதல் மிகையாகும். அவர்கள் சபையின் பணியாளர்கள். நொத்தாரிசு தம் பெயரால் பொறுப்பேற்கும் தனிப் பதவியர்.

4. புதுச்சேரி: வந்து சென்ற மரபு

பிரெஞ்சிந்தியாவில் இப்பதவி நேரடியாகவே அறிமுகமாயிற்று. 1819 சனவரி 6-ஆம் நாளைய ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆணை உள்ளூர் மக்களின் வழக்காறுகளையும் காத்தது. ‘நொத்தேர்’ என்னும் பிரெஞ்சுப் பதவிப் பெயரோடு, உள்ளூர் மக்களின் ஆவணங்களை எழுதுவோரைக் குறிக்கத் ‘தபெல்லியோன்’ என்னும் பெயரும் வழங்கியது. உரோமானியர் காலச் சொல் ஒன்று தமிழ் ஆவணம் எழுதுவோரின் பதவிப் பெயராக வங்கக் கடற்கரையில் வழங்கியமை சொல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

1881 செப்டம்பர் 21-ஆம் நாளைய ஆணை, தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க மக்களுக்கு வழிவகுத்தது. அவ்வாறு துறந்தோரின் குடும்பங்களுக்குத் திருமணச் சொத்து, நன்கொடை, மரணசாசனம் ஆகியவற்றில் தொகுப்புச் சட்டமே வழிகாட்டியாயிற்று. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. 1968-ஆம் ஆண்டின் சட்ட விரிவாக்கச் சட்டத்தின் வழி இந்தியப் பதிவுச் சட்டம் முதலியன புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. நொத்தாரிசை மையமாகக் கொண்ட ஆவண முறையின் இடத்தைப் பதிவாளரை மையமாகக் கொண்ட முறை பெற்றது.

இந்தியாவில் இம்மரபு முற்றாக அற்றுவிடவில்லை. போர்த்துக்கீசிய ஆட்சியின் வழிவந்த கோவாவில், 2012-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் தன் பெயரிலேயே ‘சிறப்பு நோட்டரிகள்’ என்னும் தொடரைக் கொண்டுள்ளது. பிற மாநிலங்களின் நோட்டரியிலிருந்து வேறுபட்ட ஒருவரைக் குறிக்க ‘சிறப்பு’ என்னும் அடை தேவைப்பட்டது.

5. யாழ்ப்பாணம்: உறுதியும் நொத்தாரிசும்

தமிழ் வழங்கும் நிலங்களில் இப்பதவி இன்றும் மக்கள் வாழ்வோடு பிணைந்திருப்பது இலங்கையிலேயே. ‘நொத்தாரிசு’ என்னும் சொல்லின் ஈற்றுச் சகர ஒலி, டச்சு மொழியின் ‘நோட்டாரிஸ்’ என்பதோடு அணுக்கமுடையது. தமிழ்நாட்டின் ‘நோட்டரி’ ஆங்கில வடிவத்தைப் பின்பற்றுகிறது. ஒரு மெய்யொலியின் வேறுபாடு இரு சட்ட வரலாறுகளைச் சுமந்து நிற்கிறது.

டச்சு ஆட்சியில் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகள் தொகுக்கப்பெற்று, 1707-இல் தேசவழமை என்னும் சட்டமாயின. ஆங்கில ஆட்சி 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதியால் அதனை ஏற்றது. நிலப்பதிவேடாகிய ‘தோம்பு’, திருமணத்தின்போது எழுதப்பட்ட சீதன ஓலை ஆகியன நொத்தாரிசு உறுதிகளுக்கு முன்னோடிகள். 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், அசையாச் சொத்தின் விற்பனையும் கைமாற்றமும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் நிறைவேறினாலன்றிச் செல்லாது என விதித்தது. 1907-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவர்தம் கடமைகளை வரையறுத்தது.

அக்கடமைகளுள் சில இங்குச் சுட்டத்தக்கவை. உறுதி முடிப்பவரையோ சாட்சிகளையோ நொத்தாரிசு அறிந்திருக்க வேண்டும். உறுதியை வாசித்து விளக்க வேண்டும். தரப்பினர் எழுத்தில் விலக்கு அளித்தாலன்றிக் காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். நிகழ்ந்தவற்றை உறுதியின் இறுதியில் அத்தாட்சியாகத் தம் கையொப்பத்துடன் பதிய வேண்டும். உறுதி மூன்றாக அமைகிறது: மூலம் உரியவரிடம் சேர்கிறது, ஒரு படி நொத்தாரிசின் காப்பேட்டில் தங்குகிறது, மற்றொரு படி அடுத்த மாதம் 15-ஆம் நாளுக்குள் காணிப் பதிவாளருக்குச் செல்கிறது. நொத்தாரிசின் அதிகாரப் பத்திரம் அவர் பணியாற்றும் எல்லையையும் மொழியையும் குறிப்பிடுகிறது. எனவே, தமிழில் உறுதி முடிக்கும் தகுதி சட்டம் வழங்கும் தகுதியாகிறது.

வாசகத்தைச் சரியாக எழுதச் சட்ட அறிவும் தேவை. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தம் அசையாச் சொத்தைக் கணவரின் எழுத்துமூல இசைவின்றிப் பராதீனப்படுத்த இயலாது. பங்காளர்க்கு முன்வாங்கும் உரிமை உண்டு. இவற்றை அறியாதவர் எழுதும் உறுதி, எழுத்துப் பிழையின்றி இருந்தும் பயனற்றுப் போகலாம்.

மூன்று படிகள் என்னும் ஏற்பாட்டின் பயன் போர்க்காலத்தில் வெளிப்பட்டது. இடம்பெயர்ந்தோர் பலர் தம் உறுதிகளை இழந்தனர். 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் அவர்களுள் அடங்குவர். கையிலிருந்த மூலம் அழிந்த இடத்தில், நொத்தாரிசின் காப்பேடோ பதிவகத்தின் படியோ எஞ்சியிருப்பின், உரிமையை நிறுவ ஒரு பிடிமானம் கிடைத்தது. இரண்டும் அழிந்தோர்க்கு அதுவும் இல்லை. போர் காரணமாகக் காணியை விட்டு நீங்கியோருக்கு எதிராகக் காலக்கழிவு உரிமை பேசப்படுவதைத் தடுக்க 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. திருவெண்ணெய்நல்லூர் அவை ‘காப்பிலிருந்து’ வருவித்த ஓலையின் அருமை இங்குப் புலனாகிறது.

இம்முறையை மிகைப்படப் புகழ்தலும் தகாது. இலங்கையின் நொத்தாரிசு பிரெஞ்சு நொத்தேரை முழுதும் ஒத்தவர் அல்லர். 1840-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் 1677-ஆம் ஆண்டு மோசடித் தடைச் சட்டத்தின் கருத்தைத் தழுவியது. உறுதி மறுக்கப்படின், சான்றுச் சட்டப்படி அத்தாட்சிச் சாட்சி ஒருவரை அழைத்து அதனை மெய்ப்பிக்க வேண்டும். போலி உறுதிகள் தோன்றாமலும் இல்லை. டச்சுப் பதவியும் ஆங்கிலச் சான்று முறையும் கலந்த ஓர் அமைப்பாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

6. தமிழ்நாடு: சிதறிய பொறுப்பு

இனிக் கம்பைநல்லூர் நிலத்திற்கு வருவோம். தகடூர்ப் பகுதியைச் சேர்ந்த அவ்வூரில் நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைத் தாமே திரட்டுகிறார். உரிமம் பெற்ற ஆவண எழுத்தரோ வழக்கறிஞரோ பத்திரத்தை எழுதுகிறார். சார்பதிவாளர், எழுதிக் கொடுத்தவர் இன்னார்தாமா, எழுதிக் கொடுத்ததை ஒப்புகிறாரா என்பவற்றை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி வினவிப் பதிவு செய்கிறார். பத்திரம் பதிவேட்டில் படியெடுக்கப்பட்டு உரியவரிடம் திரும்புகிறது.

இந்நடைமுறையில் நொத்தாரிசின் நான்கு பணிகளும் தனித்தனியே பிரிந்து கிடக்கின்றன. யாப்பவர் ஆவண எழுத்தர். படி காப்பது பதிவு அலுவலகம். விற்பவருக்கு உரிமை உண்டா என ஆராய்வது வாங்குபவரின் சுமை. பதிவு அலுவலர் உரிமைமூலத்தை ஆராயும் அதிகாரமுடையவர் அல்லர் என்பதை, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளின் 55-அ(1) விதியைச் செல்லாதென அறிவித்த 2025 ஏப்ரல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. விளக்குதல் என்னும் பணியோ, நடைமுறையில் எவருடைய தனிப் பொறுப்பாகவும் அமையவில்லை. பத்திரங்களில் ‘படித்துப் பார்த்தும் படிக்கச் சொல்லிக் கேட்டும்’ என்னும் வாய்பாடு பயில்கிறது. படித்துக் காட்டியவர் யார், விளக்கியவர் யார் என்பதை அவ்வாய்பாடு சொல்வதில்லை. செயப்பாடு உண்டு, செய்தவர் இல்லை. யாழ்ப்பாண உறுதியின் அத்தாட்சியில் ‘நான்’ எனத் தன்மை ஒருமையில் நொத்தாரிசு பேசுவதோடு இதனை ஒப்பிடுக.

நோட்டரி இச்சங்கிலியில் எங்கும் இடம்பெறவில்லை. 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் அவருக்கு ஆவணங்களைச் சரிபார்த்தல், சான்றளித்தல், உறுதிமொழி பெறுதல் முதலிய பணிகளை வழங்குகிறது. அவர் தம் பணிகளைப் பதிவேட்டில் குறிக்கிறார். மூல ஆவணத்தைக் காப்பது அவர் கடமையன்று. அவருடைய முத்திரை பெற்ற விற்பனை உடன்படிக்கையோ பொது அதிகாரப் பத்திரமோ நில உரிமையை மாற்றிவிடும் என மக்கள் நம்புவதுண்டு. இவ்வகை ஆவணங்கள் உரிமையை மாற்றா என 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முத்திரையின் தோற்றம் பதவியின் ஆற்றலை விஞ்சி நிற்பதால் நேரும் இழப்பு, பெரும்பாலும் சட்ட அறிவு குறைந்த எளியோரையே சேர்கிறது.

7. சொல்லாக்கச் சிக்கல்

இங்குத்தான் தமிழ் ஆய்வாளரின் கடமை தொடங்குகிறது. ‘நோட்டரி’, ‘நொத்தாரிசு’, ‘நொத்தேர்’ ஆகிய மூன்றையும் ‘சான்றுறுதி அலுவலர்’ போன்ற ஒரே சொல்லால் பெயர்த்தல் பொருள் மயக்கத்தை விளைவிக்கும். சான்றுறுதி என்பது இந்திய நோட்டரிக்குப் பொருந்தும். நொத்தாரிசின் முதன்மைப் பணி அதுவன்று.

இம்மயக்கம் புலம்பெயர் தமிழரின் வாழ்வைத் தொடுகிறது. பிரான்சில் வீடு விட்டு இறந்த ஒருவரின் பிள்ளைகள், அச்சொத்தைத் தம் பெயருக்கு மாற்ற நொத்தேரை நாடியே தீர வேண்டும். வாரிசுகளை ஆராய்தல், பங்கீட்டை எழுதுதல் ஆகியன அவர் பணி. அவரை ‘நோட்டரி’ எனக் கேள்விப்படும் தமிழ்நாட்டு உறவினர், முத்திரையிட்டுத் தரும் ஒருவராக எண்ணி, உரிய ஆவணங்களைத் திரட்டாமல் காலம் தாழ்த்தக்கூடும். மறுபுறம், தமிழ்நாட்டில் நோட்டரி சான்றளித்த உறுதிமொழிப் பத்திரத்தைத் தம் அலுவலக ஆவணத்திற்கு நிகரெனப் பிரெஞ்சு நொத்தேர் கருதினால், உள்ளடக்கம் ஆராயப்பட்டதென்னும் தவறான நம்பிக்கை பிறக்கும்.

ஆகவே, குடிமைச் சட்ட மரபினரைக் குறிக்க, ஈழத்தில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வேரூன்றிய ‘நொத்தாரிசு’ என்பதையே பொதுக் கலைச்சொல்லாக ஏற்கலாம். இந்தியப் பதவியினரைச் ‘சான்றொப்ப நோட்டரி’ எனப் பிரித்து வழங்கலாம். சட்டச் சொல்லகராதிகள் இவ்விரு தலைச்சொற்களையும் தனித்தனியே அமைத்து, பணி வேறுபாட்டை விளக்குதல் நலம்.

8. முடிவுரை

நொத்தாரிசின் தனித்தன்மை முத்திரையில் இல்லை. யாத்தல், விளக்குதல், காத்தல், மெய்ம்மை அளித்தல் ஆகிய நான்கும் பெயர் சொல்லத்தக்க ஒருவரிடம் குவிவதில் உள்ளது. பெரியபுராண அவை இந்நான்கினுள் வாசித்தலையும் காத்தலையும் பொது நிலையில் வைத்திருந்தது. புதுச்சேரி அவற்றை ஒரு பதவியில் பெற்றுப் பின்னர் இழந்தது. யாழ்ப்பாணம் கலப்பு வடிவில் காத்து வருகிறது. தமிழ்நாடு நான்கையும் பகிர்ந்தளித்து, விளக்குதலை மட்டும் உரியவரின்றி விட்டுள்ளது.

பிற நாட்டுப் பதவியை அப்படியே நடுதல் இதற்குத் தீர்வாகாது. இருக்கும் அமைப்பிலேயே செய்யத்தக்க ஒன்று உண்டு. பத்திரத்தை எழுதிக் கொடுப்பவருக்கு வாசித்து விளக்கியவர் யார் என்பதை, அவர்தம் பெயரோடும் கையொப்பத்தோடும் பத்திரத்திலேயே பதியச் செய்யலாம். ‘எழுதினேன்’ எனத் தன்மையில் முடித்த கல்வெட்டு மரபுக்கு அது புதிதன்று. எழுத்தறியாத ஒரு பெண்ணின் மறுப்பிலிருந்து சஸ்டினியனின் சட்டம் பிறந்தது. அத்தகைய பெண் ஒருவர் இன்று கம்பைநல்லூரில் கைந்நாட்டு வைக்கும்போது, அவருக்கு விளக்கியவர் இன்னார் எனப் பத்திரம் சொல்லுமாயின் அம்மறுப்புக்கு விடை கூறும் ஒருவர் இருப்பார்.